எவ்வளவு சிறிதானால் போதும்?
எரிபொருட் கலத்தில் பிளாற்றினம்

சலவைக்கல் துண்டைவிடச் சலவைக்கல் தூள் ஐதரோக்குளோரிக் அமிலத்துடன் விரைவாகத் தாக்கமடையும். துணிக்கை சிறிதானால் மேற்பரப்பு கூடும், மேற்பரப்பு கூடினால் தாக்கவீதம் கூடும் என்று விடையெழுதிப் புள்ளியும் பெற்றிருக்கிறோம். இந்த விதியை முடிவின்றி நீட்டிக்கொண்டே போகலாமா? முடியாது என்று காட்டுகிறது எரிபொருட் கலத்திலுள்ள பிளாற்றினம்.

எரிபொருட் கலத்தில் ஐதரசன் தீப்பற்றி எரிவதில்லை. அனோட்டில் அது புரோத்தன்களாகவும் இலத்திரன்களாகவும் பிரிகிறது. இலத்திரன்கள் வெளிச்சுற்று வழியே சென்று மோட்டரை இயக்குகின்றன. புரோத்தன்கள் மென்சவ்வு ஒன்றைக் கடந்து கதோட்டை அடைகின்றன. அங்கே ஓர் ஒட்சிசன் மூலக்கூறு நான்கு இலத்திரன்களையும் நான்கு புரோத்தன்களையும் ஏற்று இரண்டு நீர் மூலக்கூறுகளாகிறது. அனோட்டுத் தாக்கம் பிளாற்றினத்தின்மீது கணப்பொழுதில் நடந்துவிடும். கதோட்டுத் தாக்கமோ ஆமை வேகம். ஆகவே விலையுயர்ந்த இந்த ஊக்கியின் பெரும்பகுதி கதோட்டுக்கே தேவைப்படுகிறது.

தாக்கம் நடப்பது மேற்பரப்பில் மட்டுமே. உள்ளே புதைந்திருக்கும் அணுக்கள் சும்மா இருக்கின்றன. பிளாற்றினத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 21.45 கிராம். ஒரு கிராமை ஒரே கனவுருவாக வார்த்தால் அதன் முழு மேற்பரப்பும் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கும் குறைவு. அதே கிராமை 3 நனோமீற்றர் விட்டமுள்ள கோளங்களாக்கினால் ஏறத்தாழ 93 சதுர மீற்றர் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்து கிராம் இருந்தால் நமது வலைப்பந்தாட்ட மைதானம் முழுவதற்கும் போதும்! 1980களில் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தார், காபன் தூளின்மீது படியவைத்த இத்தகைய நுண்துணிக்கைகளுக்கு மென்சவ்வுப் பல்பகுதியத்தின் கரைசலையும் ஊட்டி, சதுர சென்ரிமீற்றருக்கு 4 மில்லிகிராமாக இருந்த பிளாற்றினத் தேவையை 0.4 ஆகக் குறைத்தனர்.

அப்படியானால் 1 நனோமீற்றருக்கு இறங்கினால் இன்னும் மூன்று மடங்கு இலாபம் அல்லவா? இங்கேதான் பாடப்புத்தக விதி தடுமாறுகிறது.

பிளாற்றினப் பளிங்கின் உள்ளே ஒவ்வோர் அணுவுக்கும் 12 அயலணுக்கள் உண்டு. தட்டையான முகத்தில் இருப்பவற்றுக்கு 9 அல்லது 8. விளிம்பில் 7. மூலையில் 5 அல்லது 6 மட்டுமே. முக்கோண, சதுர முகங்களைக் கொண்ட ஒரு மணியைக் கற்பனை செய்வோம். 923 அணுக்கள் கொண்ட மணி ஏறக்குறைய 3 நனோமீற்றர் அகலமானது. அதன் மேற்பரப்பில் 362 அணுக்கள், அவற்றுள் 132 விளிம்பிலும் மூலையிலும் உள்ளவை. 55 அணுக்கள் கொண்ட மணி 1 நனோமீற்றரைச் சற்றே தாண்டும். அதன் மேற்பரப்பிலுள்ள 42 அணுக்களில் 36 விளிம்பிலும் மூலையிலுமே நிற்கின்றன. தட்டையான முகத்துக்கு எஞ்சுபவை ஆறே ஆறு.

அயலவர் குறைந்த அணு, வந்த ஒட்சிசனை இறுகப் பற்றிக்கொள்கிறது. நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் ஊக்கியின் வேலை பிடிப்பது மட்டுமல்ல, விடுவதும்தான். பிணைப்பு மிகத் தளர்வாக இருந்தாலும் தாக்கம் நடக்காது, மிக இறுக்கமாக இருந்தாலும் நடக்காது என்பது பிரெஞ்சு இரசாயனவியலாளர் போல் சபாற்றியேயின் பெயரால் வழங்கும் தத்துவம். அவர் 1912 இல் நோபல் பரிசு பெற்றவர். ஒட்சிசனும் ஐதரொட்சில் கூட்டமும் ஒட்டியே கிடந்தால் அந்த இடம் அடுத்த மூலக்கூறுக்குப் பயன்படாது. எனவே துணிக்கை சிறுக்கும்போது ஒரு சதுர சென்ரிமீற்றர் மேற்பரப்பின் செயற்றிறன் குறைகிறது. ஒரு கிராமுக்குரிய மேற்பரப்போ கூடுகிறது. இரண்டும் இழுபறிப்பட்டு, ஒரு கிராமுக்குக் கிடைக்கும் மின்னோட்டம் பல அளவீடுகளில் 2 முதல் 4 நனோமீற்றருக்குள் உச்சத்தைத் தொடுகிறது. எல்லா ஆய்வாளரும் ஒரே எண்ணைச் சொல்வதில்லை. அது எனக்கு வியப்பாகவும் இல்லை: உண்மையான துணிக்கைகள் நமது கற்பனை மணிபோல அழகாக வெட்டப்பட்டவை அல்லவே.

ஆயுள் இன்னொரு பிரச்சினை. மிகச்சிறிய துணிக்கைகள் எளிதில் கரைகின்றன. கரைந்த பிளாற்றினம் பெரிய துணிக்கைகள்மீது படிய, சிறியவை மறைந்து பெரியவை மேலும் பெருக்கின்றன. வாகனத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டும்போது கதோட்டின் அழுத்தம் ஏறி இறங்குவது இதை விரைவுபடுத்துகிறது. முதல் நாளில் இருந்த மேற்பரப்பு சில ஆயிரம் மணித்தியாலங்களின் பின் இருப்பதில்லை.

ஆகவே இப்போது துணிக்கையை மேலும் சிறிதாக்குவதை விட்டுவிட்டு, அதனுள் கோபாற்றைக் கலக்கிறார்கள். கோபாற்று அணு சிறியது. அது உள்ளே இருப்பதால் மேலேயுள்ள பிளாற்றின அணுக்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. ஒட்சிசன்மீதான பிடி சற்றுத் தளர்கிறது. 4, 5 நனோமீற்றர் துணிக்கையாக இருந்தும் இக்கலப்புலோகம் தூய பிளாற்றினத்தைவிடக் கிராமுக்குக் கூடுதல் மின்னோட்டம் தருகிறது. 2014 இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் காரின் கதோட்டில் இருந்ததும் பிளாற்றினம்–கோபாற்றுதான்.