நாள் தள்ளுவதற்கு முன்னால்

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் நீ கேட்டதற்கு மழுப்பலாகத்தான் பதில் சொன்னேன். என் பக்கத்தில் உன் அப்பா உட்கார்ந்திருந்தான். உன் பக்கத்தில் உன் மாமியார் இருக்கிறார் என்பது உன் குரல் தணிந்ததிலேயே தெரிந்தது. கல்யாணமாகி நான்கு மாதம், "விசேஷம் ஏதும் உண்டா?" என்று இதற்குள் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்றும் ஊகிக்க முடிகிறது. "இன்னும் ஒண்ணுமே ஆகலை. அதுக்குள்ள டாக்டர் ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க. எதுக்கு அத்தை? முருங்கைக்கீரை சாப்பிட்டாப் போதாதா?" என்றாய்.

ஒன்றும் ஆகாத இந்த நாட்களுக்காகத்தான் அந்த மாத்திரை.

கணக்குப் போட்டுப் பார். கரு தரித்த 28 நாளுக்குள், தட்டையாக இருந்த ஒரு தகடு சுருண்டு, ஓரங்கள் ஒட்டி, குழாயாக மூடிக்கொள்கிறது. மூளையும் தண்டுவடமும் அதிலிருந்துதான் வளர்கின்றன. மேல்முனை மூடாவிட்டால் பிள்ளைக்கு மண்டையோடு முழுதாக உருவாகாது, பிழைப்பதில்லை. கீழே மூடாவிட்டால் முதுகில் தண்டுவடம் பிதுங்கியபடி பிறக்கும். நடக்க முடியாமல் போகலாம், சிறுநீர் அடங்காமல் போகலாம். கரு தரித்து இரண்டு வாரம் கழித்துத்தான் நீ தூரமாக வேண்டிய நாளே வருகிறது. அடுத்த இரண்டு வாரத்தில் அந்தக் குழாய் மூடி வேலை முடிந்துவிடும். "அலைச்சல்ல தள்ளிப் போயிருக்கும்" என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளும் அதே இரண்டு வாரம். இதில் மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக் கூடாது என்ற வழக்கம் வேறு. 34 வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். மூன்றாம் மாதம் பதிவு செய்ய வரும் பெண்ணிடம் ஃபோலிக் ஆசிட் அட்டையை நீட்டும்போதெல்லாம், பந்தி முடிந்தபின் இலை போடுகிறோம் என்று தோன்றும். ரத்தம் ஊற அது உதவும் என்பதால் கொடுப்போம். முதல் வேலைக்கு அது பிந்திவிட்டது.

இது வெறும் நம்பிக்கையில் சொல்வதில்லை. ஏற்கெனவே இப்படி ஒரு பிள்ளையைச் சுமந்த தாய்மாரிடம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 7 நாடுகளில் ஒரு சோதனை நடத்தியது. கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு அதே குறை திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்தது. 1991இல் சோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தபின், மாத்திரை கிடைக்காத பெண்களை எப்படி அப்படியே விடுவது? உனக்கு அவ்வளவு வேண்டாம், தினம் 400 மைக்ரோகிராம் போதும். மருந்துக் கடையில் 5 மில்லிகிராம் மாத்திரையும் இருக்கும். வலிப்பு மருந்து சாப்பிடுபவர்கள் மாதிரிச் சிலருக்கு டாக்டர் அதை எழுதுவார். அட்டையில் உள்ள அளவைப் படித்துப் பார்த்து வாங்கு.

நீ சாயங்காலம் பீச்சுக்குப் போகிற வழியில் கோஷா ஆஸ்பத்திரி இருக்கிறதே, இந்தச் சத்தின் கதை அதற்குள்ளும் புகுந்து வந்திருக்கிறது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே மில்லில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் கடும் ரத்தசோகை. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுத்துப்போகும். இவர்களுக்கோ அது பெருத்திருந்தது. அடுத்த வருஷம் சில மாதம் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை செய்தார். 1931இல் திருவல்லிக்கேணியில், இந்தக் கோஷா ஆஸ்பத்திரியில். கடைசியில் கைகொடுத்தது மார்மைட், அதாவது ரொட்டியில் தடவித் தின்னும் ஈஸ்ட் சாறு. விலை உயர்ந்த மருந்தில்லை, சமையலறைப் பண்டம். அதைக் கொடுத்ததும் அந்தப் பெண்களுக்கு ரத்தம் ஊறியது. உள்ளே இருந்த பொருள் எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1941இல் அமெரிக்காவில் நான்கு டன் பாலக்கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இலைக்கான லத்தீன் சொல்லை வைத்து 'ஃபோலிக்' என்று பெயரிட்டார்கள். பிறகு அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

ஆகக் கீரையிலிருந்து வந்ததுதான். அப்புறம் கீரையே போதாதா என்றால், நாம் கீரையைச் சமைக்கிற அழகு அப்படி. கொதிக்கக் கொதிக்க அந்தச் சத்து அழியும், வடித்த நீரோடு போகும். மீதியையும் மாத்திரையில் இருப்பதைப்போல உடம்பு எளிதாக உறிஞ்சிக்கொள்வதில்லை. முருங்கைக்கீரையை நிறுத்தாதே, மாத்திரைக்குப் பதிலாக அதை எண்ணாதே.

இரும்பின் காலம் வேறு. அது பின்பாதியில் வரும் கடன். கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடும். அதற்கும் பிள்ளைக்கும் நஞ்சுக்கொடிக்கும் சேர்த்துச் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் பிள்ளை தனக்கென்று இரும்பைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. பிறந்து ஆறு மாதம் அந்தச் சேமிப்பில்தான் ஓட்ட வேண்டும். அரசு தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட். நான்காம் மாதத்திலிருந்து 180 நாள், பெற்றபின் இன்னொரு 180 நாள். இவ்வளவு கொடுத்தும், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல், 52 சதவீதம், ரத்தசோகையோடுதான் இருந்தார்கள்.

ஒரு காரணம், மாத்திரை வயிற்றுக்குள் போவதில்லை. ஒரு கர்ப்பிணியின் வீட்டில் மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் சிவப்பு மாத்திரைகள் மண்ணில் கரைந்து கிடந்ததைப் பார்த்தேன். எடுத்த எடுப்பில் திட்டினேன். அந்தப் பெண் அழுதாளே தவிர வாயைத் திறக்கவில்லை. பிரசவத்தில் ரத்தப்போக்கு, ஹீமோகுளோபின் ஏற்கெனவே 7க்குக் கீழே. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தாள். பிறகுதான் சொன்னாள்: மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்திருக்கிறாள், பிள்ளையும் கறுத்துவிடும் என்று பாட்டி சொல்லியிருக்கிறார். மலம் கறுப்பது உறிஞ்சாமல் மிஞ்சிய இரும்பால். பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கொடுத்த அன்றே நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வரி.

இரும்பு மாத்திரை குமட்டினால் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்முன் போடு. நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் நன்றாக ஏறும். காபி, டீ இரும்பைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளி வை. சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் தருவார்கள். பாலும் தயிரும் குறைவாகச் சாப்பிடும் பெண்களுக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பில் போய் முடியும் ஆபத்தை அது குறைக்கும். அதையும் இரும்பையும் ஒன்றாக விழுங்காதே, இரும்பு ஏறுவதை அது தடுக்கும்.

மண், சாம்பல், பச்சரிசி என்று நாக்கு கேட்டால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல். அப்படிக் கேட்பவர்களில் பலருக்கு இரும்புக் குறைவு இருக்கும். இது புதிதும் இல்லை. ஒரு சேரனின் மண்ணைப் பகைவர் உண்ண முடியாது, மசக்கைப் பெண்கள்தான் விரும்பி உண்பார்கள் என்று புறநானூற்றில் ஒரு புலவர் பாடியிருக்கிறார். அரசனைப் புகழும் பாட்டில் ஒரு ரத்தசோகைக் குறிப்பு!

ஆன்லைனில் டப்பா டப்பாவாக விற்கும் வைட்டமின்களை நீயாக வாங்காதே. வைட்டமின் ஏ அளவு மீறினால் கருவிலேயே ஊனம் உண்டாக்கலாம். உன் புகுந்த வீட்டில் சுத்த சைவம் என்பதால் பி12 எப்படி இருக்கிறது என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள். அந்தக் குறையை ஃபோலிக் ஆசிட் வெளியே தெரியாமல் மறைத்துவிடும்.

உன் மாமியார் கேட்ட வடாமை நாளை உன் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். இந்தக் கடிதம் டப்பாவின் அடியில், தாளுக்குக் கீழே இருக்கும். வடாமை நீயே எடுத்துக் கொட்டு.

உன் அத்தை