பார்த்த பாடமும் பழகிய கையும்

வரப்பில் நின்று உழவைப் பார்த்தவன் உழவனாகிவிடுவதில்லை. கணிப்பொறிக்கு நிரல் எழுதுவதும் அத்தகையதே. சேலம், நாமக்கல் சமவெளிக் கிராமங்களில் நம் பிள்ளைகள் பலர் கைப்பேசியில் நிரல் பாடங்களை ஆர்வத்தோடு பார்க்கின்றனர். ஆயினும், தாமே எழுத முற்படுகையில் முதல் வரியிலேயே திகைக்கின்றனர். இது அறிவுக் குறையன்று, பழக்கக் குறையே. பாடத்தில் வினாவும் விடையும் ஆசிரியருடையவை அல்லவா?

இதற்கு வழி யாது? நம் ஊர்க் கணக்கொன்றை எடுத்துக்கொள்வோம். கோழிப் பண்ணையில் 1,000 முட்டைகள்; ஓர் அட்டைக்கு 30. எனவே 33 அட்டைகள் நிறையும். 10 முட்டைகள் மிஞ்சும். முதலில் தாளில் கணக்கிட்டு, பின்னர்ப் பாடத்தை மூடிவைத்துப் பைத்தான் மொழியில் இதனை எழுதுதல் வேண்டும். பிழை தோன்றினால் அஞ்ச வேண்டா. கணிப்பொறி காட்டும் பிழைச் செய்தியைப் படித்து, ஒரு சமயத்தில் ஒரு வரியை மட்டும் திருத்தி மீண்டும் இயக்கிப் பார்த்தல் நன்று. விடை ஒத்துவந்தபின், உடைந்த முட்டைகளைக் கழிக்கவும், விலையைப் பெருக்கவும் நிரலை விரிவாக்கலாம்.

ஸோகோ நிறுவனம் 2004-ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளி, கல்லூரிக்குச் செல்லாத இளைஞர்களையும் செய்முறைப் பயிற்சியால் நிரலாளர்களாக்கியது. அவ்வழி நமக்கும் ஏற்றதே.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள், ஊரிலுள்ள கணிப்பொறியை மாலையில் ஒரு மணி நேரமேனும் இளைஞர்களுக்குத் திறந்துவிட ஏற்பாடு செய்யலாம். விவசாயிகள் தம் பண்ணைக் கணக்கையே அவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுக்கலாம். பிள்ளையின் கையும் பழகும். வீட்டுக் கணக்கும் ஒழுங்குபடும்.