பூட்டை மட்டும் நம்பலாமா?

கைபேசியில் மின்கட்டணம் கட்டுகிறோம். ரயிலுக்கு முன்பதிவு செய்கிறோம். பிள்ளைகளின் தேர்வு முடிவைப் பார்க்கிறோம். இவற்றில் பல வேலைகளுக்கு ஒரு வாசல் உண்டு. அந்த வாசலின் பெயர் உலாவி. ஆங்கிலத்தில் பிரௌசர் என்பார்கள்.

உலகம் முழுவதும் உள்ள கணினிகளில் கோடிக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன. நாம் கேட்கும் பக்கத்தைத் தேடிக் கொண்டுவந்து காட்டுவது உலாவியின் வேலை. டிம் பெர்னர்ஸ் லீ என்ற அறிஞர் 1990-இல் முதல் உலாவியை எழுதினார். அப்போது அவர் ஐரோப்பாவில் ஜெனீவா நகருக்கு அருகில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தார். பிறகு பல உலாவிகள் வந்தன. 2004-இல் பயர்பாக்ஸ் வந்தது. 2008-இல் கூகுள் நிறுவனம் குரோம் என்ற உலாவியைக் கொண்டுவந்தது.

புதிய பதிப்பு என்றால் என்ன?

பாடப் புத்தகத்தில் பிழை இருந்தால் அடுத்த பதிப்பில் திருத்துவார்கள். புதிய பாடமும் சேர்ப்பார்கள். உலாவிக்கும் அப்படித்தான். பிழை திருத்திய புதிய பதிப்புகள் அடிக்கடி வரும். திருடர் நுழையக்கூடிய ஓட்டைகளை அவை அடைக்கின்றன. அதனால் புதிய பதிப்பு நல்லதே.

ஆனால் சில சமயம் புதிய பதிப்பில் பழகிய பொருள் இடம் மாறிவிடும். சில பொருள் மறைந்துவிடும். பயன்படுத்துவோர் திகைத்துப் போவார்கள். சிலர் புகழ்வார்கள். சிலர் குறை சொல்வார்கள். குறை சொல்வது வீண் வேலையா? இல்லை. 2018-இல் நடந்ததைப் பாருங்கள்.

மக்கள் கேட்டார்கள், மாற்றினார்கள்

2018 செப்டம்பரில் குரோம் உலாவிக்குப் பத்து வயது. அந்த மாதம் அதன் 69-ஆம் பதிப்பு வந்தது. தோற்றம் புதிதாக இருந்தது. வலுவான கடவுச்சொல்லை உலாவியே எடுத்துக் கொடுத்தது. இவை நல்ல வசதிகள். ஆனால் இரண்டு மாற்றங்களைப் பலர் ஏற்கவில்லை.

முதல் மாற்றம் முகவரியில் வந்தது. பல முகவரிகளின் தொடக்கத்தில் "டபிள்யூ டபிள்யூ டபிள்யூ" என்று மூன்று எழுத்துகள் இருக்கும். புதிய பதிப்பு அவற்றை மறைத்தது. முகவரி சுருக்கமாக இருந்தால் படிக்க எளிது என்று நிறுவனம் எண்ணியது. கணினி தெரிந்தவர்கள் மறுத்தார்கள். அந்த எழுத்துகள் உள்ள முகவரியும் இல்லாத முகவரியும் வேறு வேறு இடமாக இருக்கலாம். முகவரியில் பாதியை மறைத்தால் எங்கே நிற்கிறோம் என்று எப்படித் தெரியும்? இப்படிக் கேட்டார்கள். சில நாட்களிலேயே நிறுவனம் அந்த எழுத்துகளைத் திரும்பக் காட்டியது. ஆனால் 2019-இல் 76-ஆம் பதிப்பில் மீண்டும் மறைத்துவிட்டது.

இரண்டாவது மாற்றம் இன்னும் பெரியது. ஒருவர் தம் கூகுள் அஞ்சலைத் திறந்தால், உலாவிக்குள்ளும் அவர் பெயர் தானாகவே பதிந்துவிடும். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. "என்னைக் கேட்காமல் என் பெயரைப் பதியலாமா?" என்று பலர் கோபப்பட்டார்கள். அமெரிக்கப் பேராசிரியர் மேத்யூ கிரீன் இதைக் கண்டித்து எழுதினார். இனி குரோம் வேண்டாம் என்றே அவர் சொல்லிவிட்டார். பெயர் பதிந்தாலும் விவரங்கள் தானாக அனுப்பப்படுவதில்லை என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. ஆனாலும் மக்கள் சொன்னதை ஏற்றது. 2018 அக்டோபரில் 70-ஆம் பதிப்பு வந்தது. வேண்டாம் என்பவர் அதை நிறுத்திவைக்க ஒரு வழி அதில் கிடைத்தது.

இன்னொரு சோதனையும் நடந்தது. 2020-இல் சிலருடைய குரோம் உலாவியில் முகவரியின் முக்கியப் பகுதியை மட்டும் காட்டிப் பார்த்தார்கள். மற்றதை மறைத்தார்கள். இதனால் மக்கள் போலிப் பக்கங்களை எளிதில் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. 2021-இல் அதைக் கைவிட்டார்கள்.

ஒரு கேள்வி எப்போதும் கேட்கத் தக்கது: "இந்த மாற்றத்தால் எனக்கு என்ன நன்மை? எதை நான் இழக்கிறேன்?"

பூட்டு எங்கே போயிற்று?

முகவரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பூட்டுப் படம் பல ஆண்டுகள் இருந்தது. "பூட்டு இருந்தால் பயம் இல்லை" என்று பலருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். 2023 செப்டம்பரில் குரோமின் 117-ஆம் பதிப்பு வந்தது. கணினியிலும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் பூட்டு போய்விட்டது. அந்த இடத்தில் இரண்டு சிறு கோடும் வட்டமும் கொண்ட படம் வந்தது.

ஒரு வீட்டில் இப்படிப் பேச்சு நடந்திருக்கலாம்:

"ஏன் தம்பி, இங்கே ஒரு பூட்டு இருந்ததே! காணோமே. யாராவது உடைத்துவிட்டார்களா?"

"இல்லை அம்மா. படத்தைத்தான் மாற்றியிருக்கிறார்கள். உள்ளே காவல் அப்படியே இருக்கிறது."

"அப்படியானால் ஏன் மாற்ற வேண்டும்? பூட்டைப் பார்த்தால் மனதுக்குத் தைரியமாக இருந்ததே."

"அந்தத் தைரியம்தான் ஆபத்து அம்மா."

மகன் சொன்னது சரி. எப்படி?

அஞ்சல் அட்டையை நினைத்துப் பாருங்கள். அதில் எழுதியதை வழியில் யாரும் படிக்கலாம். உறைக்குள் வைத்து ஒட்டிய கடிதத்தைப் படிக்க முடியாது. பூட்டுப் படம் சொன்னது இவ்வளவுதான்: "உங்கள் கடிதம் உறைக்குள் போகிறது. வழியில் யாரும் படிக்க முடியாது."

ஆனால் அந்தக் கடிதத்தைத் திருடனுடைய முகவரிக்கே அனுப்பினால்? உறையைத் திருடன்தான் பிரிப்பான். நம் ரகசியத்தை அவனே படிப்பான். உறை ஒட்டியிருந்து என்ன பயன்?

இன்று ஏமாற்றுப் பக்கங்களில் ஏறக்குறைய எல்லாமே இந்த உறையைப் பயன்படுத்துகின்றன. அவற்றிலும் பூட்டு தெரிந்தது. கூகுள் நிறுவனம் 2021-இல் மக்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. பூட்டின் சரியான பொருளை நூற்றுக்கு 11 பேர்தான் அறிந்திருந்தார்கள். பூட்டைப் பார்த்து "இது நல்லவர் கடை" என்று மற்றவர்கள் நினைத்தால் ஏமாந்து போவார்கள். அதனால்தான் பூட்டை எடுத்தார்கள்.

படித்தவர்கள்கூடத் தவறாகப் புரிந்துகொண்ட படம் இது. ஆகவே, புரியவில்லை என்று கேட்க யாரும் வெட்கப்பட வேண்டாம்.

முகவரியைப் படிப்போம்

பூட்டு கைகொடுக்காது என்றால் எது கைகொடுக்கும்? எழுத்து கைகொடுக்கும்.

கடிதத்தின் மேல் முகவரி எழுதுகிறோம். முதலில் பெயர். அடுத்து தெரு. அடுத்து ஊர். கடைசியில் மாவட்டம். உலாவி முகவரியும் அப்படித்தான். முக்கியமான பகுதி கடைசியில் இருக்கிறது. புள்ளியை "டாட்" என்று படிப்பார்கள்.

இந்திய அஞ்சல் துறையின் முகவரி இது: இந்தியாபோஸ்ட் டாட் ஜிஓவி டாட் இன். "ஜிஓவி டாட் இன்" என்று முடிந்தால் அது அரசு முகவரி.

ஏமாற்றுக்காரன் என்ன செய்வான்? இந்தியாபோஸ்ட் டாட் ஜிஓவி டாட் இன் என்று எழுதுவான். அதோடு நிறுத்தமாட்டான். அதன் பின்னால் இன்னொரு டாட் வைத்து, வேறு பெயரும் டாட் காமும் சேர்ப்பான். தொடக்கத்தை மட்டும் படித்தவர் ஏமாறுவார். கடைசி வரை படித்தவர் தப்பிப்பார்.

எதுவரை படிப்பது? தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு தெரிந்தால் அதைத் தாண்டிவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை படியுங்கள். அதற்கு முன்னால் உள்ள கடைசிப் பெயரைப் பாருங்கள். சாய்கோட்டுக்குப் பின்னால் யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம். அதை நம்ப வேண்டாம்.

வங்கி முகவரிக்கும் இப்போது ஓர் அடையாளம் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 31-க்குள் "பேங்க் டாட் இன்" என முடியும் முகவரிக்கு மாறும்படி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சொன்னது.

"எனக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும். முகவரி ஆங்கில எழுத்தில் இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. முழு ஆங்கிலமும் வேண்டாம். ஜிஓவி, பேங்க், இன், காம் என்ற நான்கு சொற்களின் எழுத்துகளைப் பழகுங்கள். பேருந்தின் எண்ணைப் பார்த்து ஏறுவதுபோல் இவையும் கண்ணுக்குப் பழகிவிடும்.

நினைவில் வைப்போம்

1. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொட்டு வங்கிப் பக்கத்துக்குப் போகாதீர்கள்.
2. கடவுச்சொல், ரகசிய எண், ஓடிபி ஆகியவற்றை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.
3. பலர் பயன்படுத்தும் கணினியில் வேலை முடிந்ததும் உங்கள் கணக்கை விட்டு வெளியேறுங்கள்.
4. உலாவியின் புதிய பதிப்பைக் கைபேசியின் ஆப் கடையிலிருந்து மட்டும் பெறுங்கள். வேறு பக்கத்தில் "புதுப்பியுங்கள்" என்று வந்தால் தொடாதீர்கள்.
5. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். தாமதம் செய்தால் பணத்தை மீட்பது கடினம்.

கையெழுத்துப் போடும் முன் தாளைப் படிக்கக் கற்றோம். பொத்தானைத் தொடும் முன் முகவரியைப் படிக்கவும் கற்போம்.

பயிற்சி

அ. விடை கூறுங்கள்:
1. உலாவியின் வேலை என்ன?
2. 2018-இல் வந்த எந்த மாற்றத்தை மக்கள் "சம்மதம் கேட்கவில்லை" என்று எதிர்த்தார்கள்?
3. பூட்டுப் படத்தை ஏன் எடுத்தார்கள்?

ஆ. சரியா, தவறா?
1. பூட்டு இருந்தால் அந்தப் பக்கம் நல்லவருடையது.
2. முகவரியைக் கடைசி வரை படிக்க வேண்டும்.

இ. கலந்து பேசுங்கள்:
உங்கள் கைபேசியில் அண்மையில் எது மாறியது? அது உங்களுக்கு உதவியதா, தொல்லையா?