ஒலிப்பதிவுக் கூடம் காணப் புறப்படும் ரசிகர்களுக்கு

திருவண்ணாமலையிலிருந்து சென்னை வடபழனி ஏ.வி.எம். ஸ்டூடியோவைக் காணும் ஆவலுடன் புறப்படும் சங்கீதப் பிரியர்கள், கிரிவலக் கூட்டம் பேருந்துகளில் நிரம்பி வழியும் பௌர்ணமியையும் அதன் மறுநாளையும் விலக்கி, மற்ற நாட்களில் விடியற்காலையிலேயே பிரயாணப்படுவது உசிதம். திண்டிவனம் வழியாக வந்து கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் மாநகரப் பேருந்தில் வடபழனி சேரலாம்.

புறப்படுமுன் சிறிது சரித்திரமும் அறிந்துகொள்ளுங்கள். இசைத்தட்டு வியாபாரத்தில் தொடங்கிய ஏ.வி.எம். நிறுவனர் மெய்யப்பச் செட்டியார், தமிழில் பின்னணி பாடும் முறைக்கு முன்னோடியான 'நந்தகுமார்' படத்தை 1938-ல் தந்தவர் என்பதையும், காரைக்குடியிலிருந்த ஸ்டூடியோவை 1948-ல் சென்னைக்குக் கொணர்ந்தவர் என்பதையும் மனத்திற்கொண்டு நிற்பவருக்கு, அங்குள்ள பழைய கருவிகள் வெறும் இரும்பாகத் தோன்றா.

அங்கே பொதுமக்கள் பார்ப்பதற்கென்று அமைந்தது 2023-ல் திறக்கப்பட்ட ஏ.வி.எம். பாரம்பரிய அருங்காட்சியகம்; அதன் நேரமும் கட்டணமும் முன்னதாகவே விசாரித்துக்கொள்க. வேலை நடக்கும் கூடங்களில் அனுமதியின்றி எட்டிப் பார்க்கலாகாது. எங்கேனும் ஒலிப்பதிவைக் காணும் பாக்கியம் வாய்த்தால், கதவின்மேல் சிவப்பு விளக்கு அணையும்வரை வெளியிலேயே நில்லுங்கள். உள்ளே கண்ணாடி வளையலின் கிணுகிணுப்பும், நாற்காலியின் கிறீச்சொலியும், மடியிலுள்ள பிளாஸ்டிக் பையின் சரசரப்பும்கூட மைக்குக்கு எட்டிவிடுமாதலால், பையை வெளியே வைத்து, கைபேசியை அடியோடு அணைத்துவிடுவதே பாடகருக்கு நாம் செய்யும் மரியாதை.

வடபழனி முருகன் கோவில் அருகிலேயே இருப்பதால், நடை சாத்தியிருக்கும் பகற்பொழுதை அருங்காட்சியகத்திற்கு ஒதுக்கி, மாலையில் சுவாமி தரிசனம் முடித்து ஊர் திரும்பலாம்.