தோல் வாரில் உலோக அணிகளைப் பொருத்தும் முறை

கவலை இறைப்பு வழங்கிய காலத்தில், கிராமத் தோல் தொழிலாளருக்குச் சாலும் வாரும் தைப்பதே முக்கிய ஜீவனமாயிருந்தது. பம்புகள் பரவிய பின்னர் அவ்வேலை அருகிவிட்டது. ஆயினும் காளைகளுக்குரிய கழுத்துப் பட்டையும் சலங்கை வாரும் இன்றும் பொங்கல் காலத்தில் விரும்பி வாங்கப்படுகின்றன. இவற்றிற் பதிக்கும் பித்தளைப் பூ, குமிழ், சலங்கை ஆகியவை உறுதியாக நில்லாவிடில் வாங்கியவர் மறுமுறை வாரார். அன்றியும், ஆணியின் கூர்முனை காளையின் கழுத்தை அறுக்குமாயின், உழவுக் காலத்தில் அது நுகம் பூட்ட இயலாமற் போகும். ஆதலின் இவ்வேலையின் முறைகளை அங்கத்தினர்கள் செவ்வனே அறிந்திருத்தல் அவசியமாகும்.

1. தோலும் உலோகமும்

ஆவாரம்பட்டை முதலிய பட்டைகளாற் பதனிட்ட மாட்டுத்தோலே இதற்கு ஏற்றது. முதுகுப் பாகத்தில் நீளவாட்டமாக வார் அறுத்தல் வேண்டும். வயிற்றுப் பாகத்துத் தோல் தளர்ந்து நீளுமாதலால், அதிற் பதித்த அணிகள் விரைவில் ஆட்டங்கொள்ளும்.

பட்டைத் தோலில் இரும்பாணி அடிப்பது கூடாது. கடுக்காய்ச் சாற்றில் இரும்புச் சத்து சேர்ந்தால் மை உண்டாவதைப் பலரும் அறிவர். அதே மாறுதல் ஈரம் பட்ட தோலில் இரும்பைச் சுற்றி நிகழ்வதால், அவ்விடம் கறுத்து நாளடைவில் நைந்துபோகும். பித்தளை அல்லது செம்பு ஆணிகளையே கொள்ளல் வேண்டும். அவற்றிலும் தோலின் எண்ணெய்ப் பசையாற் பச்சைக் களிம்பு படியும். அதை உலர்ந்த துணியால் துடைத்தாற் போதும். புளியிட்டுத் துலக்குவதானால், அணியைத் தோலிற் பொருத்துமுன் துலக்கிக் கழுவி உலர்த்திவிடுதல் வேண்டும். புளிப்பு தோலுக்குக் கேடு செய்யும்.

2. அளவு குறித்தல்

சாயமும் எண்ணெயும் ஏற்றி, வார் நன்றாக உலர்ந்த பின்னரே அளவு குறிக்க வேண்டும். ஈரத்தோல் சற்றுப் பருத்திருக்கும். அப்போது அடித்த ஆணி, தோல் காய்ந்து சுருங்கியதும் தளர்ந்துவிடும்.

வாரை இரண்டாக மடித்து நடுவிடத்தைக் கண்டு, முதற் பூவை அங்கே வைத்து, இருபுறமும் கவராயத்தால் சம இடைவெளி அளந்து செல்க. ஒரு முனையிலிருந்து தொடங்கினால் சிறு பிழைகள் சேர்ந்து மறுமுனையில் இடைவெளி ஒவ்வாமற் போகும். நுகத்தடி அழுத்தும் பிடரிப் பாகத்திற்கு எந்த அணியும் வாராதபடி இடம் விட்டுக் குறித்தல் இன்றியமையாதது.

துளைகளைக் குறுக்கே ஒரே வரிசையில் நெருக்கி இடலாகாது. 1½ அங்குல அகலமுள்ள வாரில் ⅛ அங்குலத் துளைகள் மூன்று குறுக்கே அமைந்தால், அவ்விடத்தில் தோலின் அகலத்தில் நாலில் ஒரு பங்கு போய்விடும். துளைகளை முன்னும் பின்னுமாக மாற்றி அமைத்தால் இவ்வாறு பலம் குறையாது. கத்தியாற் கீறிய துளை மேலும் கிழியும் இயல்புடையது. வட்ட உளியால் வெட்டிய துளை அவ்வாறு எளிதிற் கிழியாது.

3. பொருத்தும் வகைகள்

(அ) கால் மடித்தல்: இலேசான தகட்டுப் பூக்களுக்கு இது போதும். கால்கள் நுழையுமளவே துளை செய்து, அவற்றை உட்புறம் மடக்கி, முனைகள் தோலிற் படியும்படி தட்டிவிடுக.

(ஆ) தறைதல்: கனத்த குமிழ்களுக்கு உரியது. தறையாணி இறுக்கமாக நுழையும் அளவே துளை இருத்தல் வேண்டும். பின்புறம் செம்பு வில்லையைக் கோத்து, ஆணியின் குறுக்களவுக்குச் சமமான நீளம் மட்டும் வெளியே நிற்குமாறு வெட்டி, உருண்டை முகச் சுத்தியலாற் சிறு சிறு அடிகளாகத் தட்டித் தலை பரப்புக. ஓங்கி ஒரே அடியாக அடித்தால் ஆணி வளையும். குமிழின் முகம் நசுங்காதிருக்க, அதன் வடிவுக்கேற்பக் குழி தோண்டிய மரக்கட்டையின்மேல் வைத்து அடித்தல் நலம்.

(இ) வளையத்திற் கோத்தல்: அணியின் பின்புறம் ஒரு வளையத்தைப் பற்றவைத்து, அதனூடே வாரைச் செலுத்துவது இம்முறை. அமெரிக்காவின் தென்மேற்கிலுள்ள நவஹோ மக்களின் வெள்ளி வேலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொப்பியைச் சுற்றிக் கட்டும் தோல் பட்டையிலும் இடைவாரிலும் அவர்கள் அணியும் வெள்ளி வட்டங்களுக்குக் 'கொஞ்சோ' என்று பெயர். கிளிஞ்சலைக் குறிக்கும் ஸ்பானிய மொழிச் சொல்லிலிருந்து அது வந்தது. 19ஆம் நூற்றாண்டில் செய்த பழைய வட்டங்களின் நடுவே துவாரம் விட்டு, அதன் வழியே வாரைக் கோத்தனர். பின்னர்ச் செம்பு வளையத்தைப் பின்புறம் பற்றவைக்கும் வழக்கம் வந்தது. அதனால் முகம் முழுவதும் சித்திர வேலைக்கு இடமாயிற்று. இம்முறையில் தோலிற் துளையே வேண்டியதில்லை. வார் பழுதானால் அணிகளைக் கழற்றிப் புதிய வாரில் ஏற்றலாம். சலங்கைகளுக்கும் இது பொருந்தும். பற்றவைப்பை மட்டும் தோலிற் கோக்குமுன் முடித்துவிடுதல் வேண்டும். சூட்டினால் தோல் கருகிவிடும்.

4. உள்வாரும் சோதனையும்

அணிகள் யாவும் பொருத்திய பின்னர், பின்புறத்தில் ஒரு பஞ்சுத் துணுக்கை இழுத்துப் பார்க்க. எங்கேனும் இழை சிக்கினால் அங்கே கூர்முனை உண்டென்று அறிந்து அரத்தால் தேய்த்துவிடுக. பிறகு மெல்லிய ஆட்டுத்தோலை உள்வாராக வைத்து, மெழுகிட்ட நூலால் ஓரம் தைத்தல் வேண்டும். உள்வாரில்லாத பட்டையைக் காளைக்கு விற்பது தகாது. முடிவில் ஒவ்வொரு அணியையும் விரலாற் பற்றித் திருகிப் பார்த்து, ஆடுவதை மீண்டும் தறைக.

5. சங்கத்தின் கடமை

வட்ட உளிகள், கவராயம், குழிக்கட்டை ஆகியவற்றைத் தொழிலாளர் தனித்தனியே வாங்குவதினும், சங்கம் ஒரு தொகுதி வாங்கிப் பொதுவில் வைத்தல் சிக்கனமாகும். ஆணியையும் வில்லையையும் ஒரே அளவில் மொத்தமாக வாங்கினால், துளையும் ஒரே அளவாக அமையும். பழுது பார்ப்பதும் எளிதாகும். விலை குறிக்கும்போது அணிகளின் எண்ணிக்கையை மட்டும் பாராமல், தோலின் விலையையும் உள்வாரின் விலையையும் கைக்கூலியையும் சேர்த்துக் கணக்கிடுக. உள்வாரை விடுத்து விலையைக் குறைப்பவர் முதல் ஆண்டில் அதிகம் விற்கலாம். அடுத்த ஆண்டு அவரிடம் எவரும் வாங்கார். பளபளப்பைக் கண்டு வாங்க வருபவர், வாரின் உறுதியைக் கண்டே மீண்டும் வருவர்.