குத்துமதிப்பின் இலக்கணம்: கடலைப் பூரணப் பண்டங்கள் பற்றி ஒரு மடல்

சாங்கி, சிங்கப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

சிங்கப்பூர்ச் சமையலறைகளில் கடலைப் பூரணம் வைத்த மாவுப் பண்டங்கள் மூன்று பெருநாள்களை ஒட்டிச் செய்யப்படுகின்றன: தீபாவளிக்குத் தமிழர் செய்யும் சோமாசி, சீனப் புத்தாண்டுக்கு ஏறக்குறைய அதே பிறை வடிவில் பொரித்தெடுக்கப்படும் வேர்க்கடலைப் பண்டம், நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர் நெய் மாவில் பூரணத்தைப் பொதிந்து, ஓவனில் சுட்டு, பொடித்த சர்க்கரையில் புரட்டும் குவே மக்மூர். கைதேர்ந்த பெரியவர்கள் பலர் தராசு இல்லாமலே இவற்றைச் செய்வதைக் கண்டு, தோன்றியபடி செய்தாலும் வந்துவிடும் என்று இளையோர் முடிவுகட்டிவிடக் கூடாது. அவர்கள் எடையைத்தான் விட்டார்களே தவிர, விகிதத்தை விடவில்லை. விகிதமும் பதமும் அறிந்தவருக்கே குத்துமதிப்பு கைகொடுக்கும்.

விகிதம் என்பது ஒரு பொருளுக்கு மற்றொன்று எத்தனை பங்கு என்ற கணக்கு. டம்ளர் சிறியதோ பெரியதோ, எல்லாவற்றையும் அதே டம்ளரால் அளந்தால் பங்கு மாறுவதில்லை. குவே மக்மூர் போன்ற மாவுக்கு மூன்று டம்ளர் மைதாவுக்கு உருக்கிய நெய் ஒரு டம்ளர் என்பதும், பூரணத்துக்கு இரண்டு பங்கு வறுத்த வேர்க்கடலைப் பொடிக்குச் சர்க்கரை ஒரு பங்கு என்பதும் தொடங்குவதற்குப் போதுமான கணக்கு. சோமாசி மாவில் நெய் வெகுவாகக் குறைந்து, அந்த இடத்தைத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும்.

தண்ணீரைப் பொறுத்தவரை எந்த ஏட்டுக் கணக்கும் முழுமையாக நிற்பதில்லை. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதாலும், மைதா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது என்பதாலும், டிசம்பர் மழையில் திறந்து கிடந்த மாவுக்கும் புதிதாகப் பிரித்த பொட்டல மாவுக்கும் ஒரே அளவு தண்ணீர் பொருந்தாது. ஆகவே தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் சேர்க்கவேண்டும். அதற்கு முன்பே நெய்யை மாவில் தேய்த்துவிடுவதற்கும் காரணம் உண்டு: மாவிலுள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் எனப்படும் இழுவையான வலையாக மாறும், நெய் மாவுத் துகள்களைப் பூசிக்கொண்டால் அந்த வலை குறைந்து, பண்டம் கடிக்கும்போது பொலபொலவென்று உதிரும். நெய் போதுமா என்பதைக் கையே சொல்லிவிடும்: ஒரு கைப்பிடி மாவை அழுத்தினால் விரல் பதிந்த வடிவத்தோடு பிடிபடவும், பெருவிரலால் தள்ளினால் உதிரவும் வேண்டும். பிடிபடாவிட்டால் நெய் குறைவு. உதிராமல் விரலில் அப்பினால் நெய் மிகுதி.

பூரணத்தின் பதம் இதைவிட நுட்பமானது. வேர்க்கடலையின் எடையில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய் என்பதால், மிக்ஸியைத் தொடர்ந்து ஓடவிட்டால் பொடி சட்டென்று விழுதாகிவிடும். விட்டு விட்டு ஓட்டி, குறுணையாக இருக்கும்போதே நிறுத்தவேண்டும். கடலையைச் சிறு தீயில் தோல் வெடிக்கும்வரை வறுத்து, முழுவதும் ஆறவிட்ட பிறகே சர்க்கரையும் ஏலக்காயும் சேர்ப்பது வழக்கம். சூட்டோடு சேர்த்தால் சர்க்கரை கசிந்து பூரணம் ஈரமாகி, ஓரம் பிரிந்துவிடும். அரைக்கும்போது கடலை எண்ணெய் விட்டிருந்தால் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலைப் பொடி அதை உறிஞ்சிக்கொள்ளும். முந்திரியோ பாதாமோ இருந்தால் வேர்க்கடலைக்குப் பதிலாக அவற்றையும் இதே பங்கில் எடுக்கலாம்.

குத்துமதிப்புக்கு இடமில்லாதவையும் உண்டு. ஓவன் சூட்டை ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸில் வைக்கவேண்டும். பேக்கிங் பவுடர் சேர்ப்பதாயின் கரண்டியால் அளந்தே சேர்க்கவேண்டும். உண்பவருள் எவருக்கேனும் கடலை ஒவ்வாமை உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டறிவது கட்டாயம். அனைத்தையும் ஒரே தட்டில் அடுக்குமுன் ஒன்றை மட்டும் சுட்டுப் பார்த்து, அது பரவினால் மாவும் வெடித்தால் சிறிது நெய்யும் சேர்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

இத்தகைய கையறிவு எழுத்தில் ஏறவேண்டியதன் தேவைக்குச் சாங்கியே சான்று. 1942 முதல் 1944 வரை ஜப்பானியர் பெரும்பாலும் ஐரோப்பியரான குடிமக்களைச் சாங்கிச் சிறையில் அடைத்துவைத்தபோது, பசியில் வாடிய பெண்கள் தங்களுக்கு நினைவிருந்த உணவுகளின் செய்முறைகளை ஒருவருக்கொருவர் சொல்லி எழுதிவைத்தனர். அவர்களுள் ஒருவரான கனடா நாட்டு எத்தல் மல்வனி அவற்றை 1946இல் தம் நாட்டில் நூலாக அச்சிட்டு, விற்றுவந்த பணத்தை முன்னாள் போர்க்கைதிகளுக்கு உதவச் செலவிட்டார். மாவும் நெய்யும் கண்ணில் படாத இடத்திலும் நினைவில் நின்ற அறிவு, எழுதப்பட்டதால் அந்தப் பெண்களுக்குப் பின்னும் நிலைத்தது.

வீட்டுப் பெரியவர் அடுத்த முறை சோமாசிக்கு மாவு பிசையும்போது அருகில் நின்று, அவர் அள்ளும் கைப்பிடியை டம்ளரில் கொட்டி அளந்து, அளவுக்குப் பக்கத்திலேயே பதத்தையும் அன்றைய வானிலையையும் குறித்துக்கொள்வதே இளையோர் செய்யத்தக்க முதல் வேலை. அந்தக் குறிப்பு இருந்தால், தராசு இல்லாத சமையலறையிலும் அவர் கைப்பக்குவத்தை இன்னொருவர் கற்றுக்கொள்ள முடியும்.

அன்புடன்,
அக்கா