கோழிக்கு வரும் கொரோனா: ரகம் தெரிந்தால்தான் தடுப்பு

வங்கி வேலையில் ஓய்வு பெற்று, அமராவதிபுதூரில் தோப்பும் நாட்டுக்கோழியுமாக இருக்கிறேன். போன மார்கழியில் கோழிகள் தும்ம ஆரம்பித்தன. ராத்திரி கொட்டகைப் பக்கம் போனால் 'கொர் கொர்' என்று சத்தம். வெள்ளைக்கழிச்சல்தான் என்று நானே முடிவு கட்டி, மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன்.

பக்கத்துத் தோட்டத்து ஆச்சி, "கழுத்து திருகலையே தம்பி, பச்சையாவும் கழியல. முட்டை ஓட்டைப் பாருங்க" என்றார்கள். நான் காதில் வாங்கவில்லை. மூன்று வாரம் கழித்து மருத்துவரிடம் போனபோது நாற்பதில் பதினொன்று போய்விட்டது. ரத்தச் சோதனையில் ஐ.பி. வந்துபோனது தெரிந்தது. எந்த ரகம் என்பது இன்றுவரை தெரியாது. வைரஸைப் பிடிக்கும் காலம் கடந்துவிட்டது.

ஐ.பி. என்பது தொற்று மூச்சுக்குழல் அழற்சி. 1931-இலேயே அமெரிக்காவில் பதிவான நோய். காரணம் ஒரு கொரோனா வைரஸ். கோவிட் வைரஸிலிருந்து வேறானது, மனிதருக்கு வராது.

கண்ணால் பார்ப்பது

தும்மல், மூச்சில் கொரகொரப்பு, முட்டை குறைவது, ஓடு மெலிந்து சுருங்குவது, வெள்ளைக்கரு தண்ணியாக ஓடுவது. சில ரகங்கள் சிறுநீரகத்தைத் தாக்கும். இறந்த கோழியை அறுத்தால் அது வீங்கி வெளுத்திருக்கும். ஆனால் இவை சந்தேகத்துக்குத்தான், உறுதிக்கு இல்லை.

சோதனை

நோய் தொடங்கிய முதல் வாரத்துக்குள் மருத்துவரை வைத்து, மூச்சுக்குழலிலும் எச்சத்துவாரத்திலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும். கோவிட் காலத்தில் கேட்ட அதே ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனைதான். தடுப்பூசி வைரஸும் இதில் தெரியும். ஆகவே போட்ட ஊசியின் பெயரையும் தேதியையும் சொல்லிவிடுங்கள்.

ரகம் பிரிப்பது

வங்கியில் காசோலைக் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவோம். இங்கே கையெழுத்து, வைரஸின் முள்ளுப் புரதத்தை உருவாக்கும் எஸ்1 மரபணு. 2016-இல் உலக ஆய்வாளர்கள் இதை வைத்து 6 பெரும் வகை, 32 கிளை என்று பிரித்தார்கள். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், சிறுநீரகத்தைத் தாக்கும் இந்திய வைரஸ் ஒன்று, அதற்கு மிக நெருங்கிய ரகத்தோடுகூட 68 விழுக்காடுதான் ஒத்திருந்தது.

இது நமக்கு எதற்கு? மாசசூசெட்ஸ் ரகத்துக்குப் போட்ட தடுப்பூசி, வேறு ரகத்தை முழுசாகத் தடுக்காது. 'ஊசி போட்டும் வந்துருச்சே' என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாம் செய்யக்கூடியது

வந்தபின் வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் கிடையாது. கதகதப்பு, காற்றோட்டம், நெரிசல் இல்லாத கொட்டகை, சுத்தமான தண்ணீர் இவைதான் துணை. சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு மூன்று வாரம் தனிப் பஞ்சாரத்தில் வையுங்கள். தினமும் முட்டைக் கணக்கை எழுதுங்கள். கணக்கு இறங்கும் நாளே மருத்துவரைக் கூப்பிடும் நாள். கைமருந்து கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மாதிரியையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.